எலுமிச்சம்பழ பிரேக்

ஆதிலிங்கம் முதலாளிக்கு நிலக்கரி லாரிகள் ஏராளம். அதுகளின் பிரேக்கைச் சரிபார்க்கத்தான் மனசு வராது. போன வாரம் ஒரு லாரி இறக்கத்தில் நிற்காமல் போய்க் காம்பவுண்டுச் சுவரை இடித்ததும், டிரைவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வைத்தார். பயிற்சி என்றால் சூடம், சாம்பிராணி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்.

"சாமி பாதத்துல வச்சு எடுத்த பழம்லே. இதை நசுக்கிட்டுப் போற லாரி எங்கேயும் மோதாது. அப்படியும் மோதினா டிரைவர்தான் பொறுப்பு. ஏலே கொம்பையா, நீ முதல்ல லாரியை இறக்கத்துல விடு."

கொம்பையா பிரேக்கை மிதித்துப் பார்த்தான். வெண்ணெயில் விரல் வைத்தது போல உள்ளே போனது. மாட்டேன் என்றால் வேலை போகும். வண்டியை எடுத்தால் யார் உயிர் போகுமோ. கீழே இறங்கிப் பழத்தைப் பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"கிளம்புதேன் மொதலாளி. இறக்கத்துக்குக் கீழே உங்க புதுக் கார் நிக்குல்லா, அது அங்கேயே நிக்கட்டும். பழத்தோட சக்தியை எல்லாரும் பார்த்த மாதிரி இருக்கும்."

முதலாளி அவசரமாகச் சட்டைப் பையில் கார் சாவியைத் துழாவினார்.

"எதுக்கு மொதலாளி எடுக்கீங்க? காலையில அதுக்கும் பழம் வச்சீங்களே."

டிரைவர்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆதிலிங்கம் சாவியை விட்டுவிட்டு போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

லாரிகள் எல்லாம் ஜாக்கி மேல் ஏறின. நசுங்காத பழங்களைப் பிழிந்து கொம்பையா சர்பத் போட்டான். முதல் டம்ளரை முதலாளியிடம் நீட்டினான்.

"குடிங்க மொதலாளி. இப்பதான் பழம் சரியான வேலை பார்க்கு."