மடத்துக் காரின் எஞ்சின்

மலைமேல் ஒரு மடம். கீழே இறங்கப் பதினான்கு வளைவுகள். மடத்துக்கு ஒரு வெள்ளைக் கார் உண்டு. அதை ஓட்டுபவர் தவமணி.

தவமணிக்கு அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சீடரானார். அவருடைய குரு அருள்மங்கை அம்மா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். முன்பு கால்நடை மருத்துவராக இருந்து, ஊர் ஊராகத் தானே காரை ஓட்டிக்கொண்டு போனவர். தவமணியை அவர் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

செவ்வாயும் வெள்ளியும் குப்பம்மாளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மடத்துக்கு அடுத்த வீட்டுக்காரி. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. காலை எட்டு மணிக்கு அங்கே ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுத்தாக வேண்டும். மலைக்கு வரும் ஒரே பஸ் மத்தியானம்தான் வரும்.

ஆனி மாதத்திலிருந்து காரின் எஞ்சின் ஆயில் குடித்தது. பின்னால் நீலப் புகை. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆறாவது வளைவில் நின்றேவிட்டது. அன்று குப்பம்மாள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் வீங்கி, கண் இடுங்கிப் போயிருந்தது.

"மழைக்கு முன்னாடி எஞ்சினைச் சரி பண்ணிடுங்க. எப்படின்னு நீங்களே முடிவு பண்ணுங்க, அண்ணே" என்றார் அம்மா. அதற்கான பணத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

அன்று பிடித்தது தவமணிக்குக் குழப்பம்.

கீழே இரண்டு பட்டறைகள். மஸ்தான் பாய் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார்.

"கழட்டி, சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட்டு, பிஸ்டன், ரிங் புதுசு போட்டுட்டா இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும். நல்ல எஞ்சின். இதைத் தூக்கிப் போடச் சொல்றவன் மெக்கானிக்கே இல்ல."

லூர்து பானெட்டைத் திறக்கவே இல்லை. புகையைப் பார்த்தார்.

"பாய் போர் போடச் சொன்னாரா? தொண்ணூறு வயசுக் கிழவனுக்கு ஏன் தவமணி பல்லு கட்டறீங்க? எங்கிட்ட ஒரு எஞ்சின் இருக்கு. பின்னாடி இடி வாங்கின வண்டியோடது. அதிகம் ஓடல. மூணு நாள்ல மாட்டித் தர்றேன். ஆர்.சி. புத்தகத்துல நம்பர் மாத்தறதும் என் பொறுப்பு."

பாய்க்கு இருபது நாள். லூர்துக்கு மூன்று நாள். செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கார் பட்டறையில் நிற்கும்வரை, ஒரு மாதம் ஆனாலும், குப்பம்மாளை ஏற்றிக்கொண்டு போக பால்வண்டிக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்.

தவமணி ஒரு தாளை நடுவில் மடித்தார். பழுது பார்க்க இந்தப் பக்கம் ஐந்து காரணம். மாற்ற அந்தப் பக்கமும் ஐந்து. இந்தப் பக்கம் ஒன்று தேறாது என்று அடித்தார். சற்று நேரத்தில் அந்தப் பக்கமும் ஒன்று தேறவில்லை. நான்குக்கு நான்கு.

தெரிந்த டிரைவர்களைக் கேட்டார். பதினோரு பேரில் ஆறு பேர் போர் போடு என்றார்கள். ஐந்து பேர் மாற்று என்றார்கள். அப்பாடா என்று எழுந்தபோது பன்னிரண்டாவது ஆள் வந்து, கேட்காமலே, "மாத்திடுங்க" என்றார்.

பாயிடம் போவதாகக் கிளம்பினால் லூர்து சொன்னது சரியாகப் படும். லூர்துக்குப் போன் எடுத்தால் பாய் காது வைத்துக் கேட்டது நினைவுக்கு வரும். ஒன்று சரி என்றால் இன்னொன்று தவறாக இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தன. இரண்டுமே ஏனோ பிடிக்கவும் இல்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை.

முப்பத்தெட்டு நாள் போனது. முதல் மழை பெய்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, மாட்டுக் கொட்டிலில் நின்றிருந்த அம்மாவிடம் போனார்.

"எனக்குத் தெரியலம்மா. போர் போடறதா, எஞ்சினை மாத்தறதா? நீங்களே சொல்லிடுங்க."

அம்மா கையைக் கழுவினார். "சாவியைக் கொடுங்க" என்றார்.

கார் வழக்கம்போல் சரிவைப் பார்த்து நின்றது. முன் சக்கரத்துக்கு ஒரு கல். குப்பம்மாள் ஏற்கெனவே பின் சீட்டில் இருந்தாள். அம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகிவிட்டு அடங்கியது.

"அப்படியே திருப்பக் கூடாதும்மா. ஹீட்டரைப் போட்டுட்டு நாப்பது எண்ணணும்."

அம்மா எண்ணினார். திருப்பினார். முனகல்.

"கை பம்ப்பை ஒன்பது தடவை அடிச்சா டீசல் ஏறும்."

"ஏன் ஒன்பது?"

"எட்டுல காத்து நிக்கும். பத்துல வழிஞ்சிடும்."

அம்மா இறங்கி, பானெட்டைத் திறந்து ஒன்பது தடவை அடித்தார். மறுபடி உட்கார்ந்து திருப்பினார். இல்லை.

"ஈரக் காத்துல சாவிக்குக் கேக்காது. உருட்டித்தான் எடுக்கணும். செகண்ட் கியர். கல்லை எடுக்கறேன். நான் சொல்றப்ப கிளட்சை விடுங்க. முழுசா விடாதீங்க, முக்கால். இப்ப!"

கார் உருண்டு, ஒரு குலுக்குக் குலுக்கி, பலா மரத்தடியில் நின்றது. குப்பம்மாளின் தலை முன் சீட்டில் இடித்தது.

"அம்மா, நீங்க மாட்டுக்கு ஊசி போட்டா போதும். இது இவரு மூச்சுச் சத்தம் கேட்டாத்தான் கிளம்பும்" என்றாள் குப்பம்மாள். "நாலாவது வளைவுல இவரு அதுக்கிட்டப் பேசுவாரு. எங்கிட்டகூட அவ்வளவு பேசினதில்ல."

"சும்மா இரு குப்பம்மா" என்றார் தவமணி. "அது பேச்சு இல்லம்மா. கியர் மாத்தறப்ப ஒரு கணக்கு வெச்சிருக்கேன்."

"மணி என்ன?"

"ஆறு இருபத்தஞ்சு."

அம்மா இறங்கிக் கதவைத் திறந்து விட்டார். தவமணி உட்கார்ந்தார். ஹீட்டர். உதடு அசைய நாற்பது. மிச்சமிருந்த சரிவு பத்தடிகூட இருக்காது. பிரேக்கை விட்டார். கார் இரண்டு முழம் உருண்டதும் கால் தானாக எழுந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் நீலப் புகை கிளம்பிப் பலா மரத்தை மூடியது.

தவமணி சிரித்தார். அது அவருக்கே தெரியாது.

அம்மா சன்னலருகே வந்து நின்றார்.

"கண் ஆபரேஷன் என்னைக்கு, அண்ணே?"

"தள்ளி வெச்சாச்சும்மா. புரை இன்னும் முத்தலைன்னு..."

"டாக்டர் சொன்னாரா?"

தவமணி காரின் முன் கண்ணாடியைத் துடைத்தார். "நாந்தான் சொன்னேன். பண்ணினா ஒரு மாசம் வண்டியைத் தொடக் கூடாதாம். குப்பம்மாவை யாரு கொண்டு போறது?"

"எத்தனை தடவை தள்ளி வெச்சீங்க?"

"மூணு."

குப்பம்மாள் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "அப்ப போன வாரம் எதிர்ல ஒரு லாரி வளைவுல திரும்புனது உங்களுக்குத் தெரியலையா? நான் கத்தினப்புறந்தான் ஸ்டியரிங்கை ஒடிச்சீங்களா?"

தவமணி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சற்று நேரம் அதைக் கேட்டார்.

"பாய் போர் போட்டுக் கொடுத்தா, இது எனக்குக் கிளம்புமா?"

"கிளம்பும்மா. சாவியைத் திருப்பினாப் போதும்."

"பால்வண்டிக்காரருக்கு?"

"யாருக்கு வேணாலும் கிளம்பும்."

"லூர்து வேற எஞ்சின் வெச்சா?"

தவமணி வாயைத் திறந்தார். எளிய கேள்விதான். பதில் அவருக்குத் தெரியும். கை சட்டைப் பைக்குப் போனது. மடித்த தாள் அங்கேதான் இருந்தது. இந்தக் கேள்வி அதில் எந்தப் பக்கமும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்பவும்..." என்றார். "அப்பவும் யாருக்கு வேணாலும் கிளம்பும்."

அம்மா தலையசைத்தார். குப்பம்மாளின் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

தவமணி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"குப்பம்மா திரும்பி வர்றதுக்குப் பால்வண்டிக்குச் சொல்லிடறேன்" என்றார் அம்மா. "நீங்க பஸ்ல வந்துடுங்க."

"சரிம்மா."

கியரைப் போட்டவர், மறுபடி எடுத்தார்.

"எந்தப் பட்டறையில விடறதும்மா?"

"ஆஸ்பத்திரியைத் தாண்டினதும் எது முதல்ல வருதோ, அதுல."