கொதியடங்காத நெய்

அந்தக் காலத்தில், மாடும் கல்லும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், மலை பெற்ற மணிக்கற்களுக்கு நிறமே கிடையாது. தை பிறப்பதற்குள் நிறம் தேடிக்கொள்ளாத கல் மணலாக உதிர்ந்துவிடும் என்பது விதி. மாணிக்கம் விடியலிடம் வாங்கிக்கொண்டது, மரகதம் புல்லிடம். ஒரு கல் மட்டும் காங்கேயக் காட்டில், நாச்சக்காள் என்பவளின் மாட்டுப்பட்டிக்கு அடியில் புதைந்து கிடந்தது. பன்னிரண்டு முகம் இருந்து என்ன, ஒன்றுகூட வானம் பார்க்கவில்லை!

தை பிறக்கும் விடியலில் நாச்சக்காள் பட்டியோரம் அடுப்பு மூட்டி வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தாள். அவள் பசுவான செவலை, கன்று ஈன்றபின் எடுத்த முதல் நெய் அது. முதல் நெய்யை யாரும் நாக்கில் வைக்கக்கூடாது, மலைக்குத்தான் ஊற்ற வேண்டும். தவறினால் மடி வற்றிவிடும் என்பார்கள். அந்த மடியை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

அப்போது செவலை குளம்பால் மண்ணைக் கிளறியது. உள்ளே வெளிறிப்போன கல் ஒன்று அழுதுகொண்டிருந்தது. அதன் ஓரம் உதிரத் தொடங்கியிருந்தது.

"ஆத்தா, அந்த நெய்ய இதுக்கு ஊத்துங்க. நெறம் புடிச்சுப் பொழைச்சுக்கும்" என்றது செவலை.

"ஐயோ, மலைக்கு ஊத்தாமப் போனா உம் மடி வத்திருமே!"

"வத்துனா என் மடிதானுங்க வத்தும். அழுகுற புள்ளைய வெச்சுக்கிட்டு யாருக்குப் படைக்கறது?"

நாச்சக்காள் மலையை நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கோ வெளுத்துவிட்டது. நெய்யை இறக்கி, கொதியடங்கித் தெளியும்வரை சட்டியைத் தொடாதவள் அவள். அன்று அதற்கெல்லாம் பொழுதில்லை.

"மலையே, பொறுத்துக்க" என்று, சுழன்றுகொண்டிருந்த நெய்யை அப்படியே கல்லின்மேல் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டு மண்ணில் சிந்தவில்லை. அத்தனையையும் கல் குடித்தது. சூரியன் எட்டிப் பார்த்ததும், கல்லுக்குள் நெய் தேன் நிறத்தில் நெளிந்து நெளிந்து ஒளிர்ந்தது. பட்டி மாடுகள் அசைபோடுவதை மறந்து நின்றன. நாச்சக்காளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னை அறியாமல் கைகூப்பினாள்.

பிறகுதான் பயம் வந்தது. கையைச் செவலையின் மடிக்குக் கொண்டுபோனாள். கை படும் முன்பே பால் சொரிந்தது.

மலை வாய் திறந்தது: "எம் புள்ளைக்கு ஊத்துனது எனக்கு ஊத்துனதுதான் அம்மிணி."

அன்று முதல்தான் அந்தக் கல்லுக்குப் பசுவின் கொழுப்பு என்று பொருள்படக் கோமேதகம் என்ற பெயர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், நாச்சக்காள் அவசரமாக ஊற்றிய நெய் இன்னும் கொதியடங்காமல் உள்ளே நெளிந்துகொண்டிருக்கும்.