ஐந்தாவது கால்

"ஒரு பிள்ளை கிரேயானைத் தொடவே மாட்டேங்குது டீச்சர். என்ன பாடத்திட்டம் போட்டா சரியா வரும்?"

கேட்டவர் மாசிலாமணி. நான்காம் வகுப்பு ஆசிரியர். தலை நரைக்கும்வரை கணக்கும் தமிழும் நடத்தியவர். ஓவிய வகுப்பை இந்த வருடம்தான் அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

எஸ்தர் டீச்சர் பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஓவியம் நடத்துகிறவர். மாசிலாமணியைவிட வயதில் மிகவும் சின்னவர். அவரிடம் யோசனை கேட்கப் போனவர்கள் பெரும்பாலும் கேள்வியோடுதான் திரும்புவார்கள்.

பள்ளி விட்ட நேரம். எஸ்தர் டீச்சர் குழாயடியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை முன்னாடி வரையுமா?"

"வரையும்."

"எப்ப நிறுத்துச்சு?"

மாசிலாமணி குழாயைப் பார்த்தார்.

"போன மாசம். ஒரு ஆடு வரைஞ்சா. அதுலேர்ந்து."

"ஆட்டுல என்ன?"

"அஞ்சு கால் போட்டிருந்தா டீச்சர். நாலாம் வகுப்புப் பிள்ளை. ஆட்டுக்கு எத்தனை காலுன்னு தெரியாதா?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சும்மா ஒரு வேடிக்கைக்கு..." அவர் நிறுத்தினார். "படத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். சர்க்கஸ்லேர்ந்து வந்த ஆடான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

எஸ்தர் டீச்சர் ஒரு தூரிகையை உதறினார்.

"அந்த அஞ்சாவது கால் யாரோடது?"

"ஆட்டோடதுதான். வேற யாரோடது?"

எஸ்தர் டீச்சர் அடுத்த தூரிகையை எடுத்தார்.

"தெரிஞ்சதும் வாங்க சார்."

திரும்பி வரும்போது பேருந்தில் மாசிலாமணிக்குக் கோபமாக வந்தது. நேற்று வேலைக்கு வந்த பெண் தன்னிடம் விடுகதை போடுகிறது என்று நினைத்தார்.

அடுத்த ஓவிய வகுப்புக்குத் தானே திட்டம் போட்டார். கரும்பலகையில் ஒரு நல்ல ஆட்டை வரைந்தார். வட்டத்தில் தலை, நீள்வட்டத்தில் உடம்பு, கீழே நான்கு கோடு.

"இதைப் பார்த்து வரைங்க. யாரும் தப்புப் பண்ணக் கூடாது."

யாரும் தப்புப் பண்ணவில்லை. ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து, "சரியா சார்?" என்றார்கள். இன்னொரு கோடு போட்டுவிட்டு மறுபடி, "சரியா சார்?" என்றார்கள்.

கிரேயானைத் தொடாத அந்தப் பேச்சியின் தாள் மட்டும் வெள்ளையாக இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

தலைமையாசிரியை ஆடுகளை எல்லாம் வராந்தாச் சுவரில் ஒட்டச் சொன்னார். "எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்று பாராட்டினார்.

எல்லோரும் போன பிறகு மாசிலாமணி அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். ஒரே ஆடு சுவர் முழுக்க நின்றது. அதை வரைந்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் பேச்சியின் வீட்டுக்குப் போனார்.

வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. பேச்சி அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். சாரைக் கண்டதும் எழுந்து வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

அவள் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். புள்ள எதும் சேட்டை பண்ணுதாளா?"

"இல்லம்மா. சும்மா பார்க்க வந்தேன்." என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஆடு நல்லாருக்கா?"

"இப்ப பரவால்ல சார். போன மாசம் செத்துப் பொழைச்சுது. குட்டி போடுறப்போ ஒத்தக் காலு மட்டும் வெளிய வந்து அப்படியே நின்னுபோச்சு. நான் கத்துதேன், அது கத்துது. டாக்டர் வரதுவரைக்கும் இவதான் அது தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா."

"குட்டி?"

"தங்கல சார்."

மாசிலாமணியின் காதில் வகுப்பறைச் சிரிப்பு கேட்டது. அதில் தன் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"மறுநா பள்ளிக்கூடத்துக்குப் போகாதட்டின்னேன். இன்னைக்குப் படம் வரையுற நாளு, போவேன்னு போனா சார்."

டம்ளரில் காபி வந்தது. குடிக்க முடியவில்லை. வைத்துவிட்டு வரவும் கூசியது. ஒரே மடக்கில் விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் கதவோரம் பேச்சியின் பாவாடை நுனி தெரிந்தது. அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "போயிட்டு வாரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எஸ்தர் டீச்சரிடம் போனார்.

"குட்டியோடது."

எஸ்தர் டீச்சர் தலையசைத்தார்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஏதும் சொன்னீங்களா?"

"வாய் வரல டீச்சர். ஓடி வந்துட்டேன்." மாசிலாமணி தரையைப் பார்த்தபடி சொன்னார். "இனிமே ஓவிய வகுப்பு நான் எடுக்கல. எனக்கு அந்த அருகதை இல்ல."

"சரி, எடுக்காதீங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அந்த நேரத்துல நான் என்ன செய்யட்டும்?"

"உக்கார இடம் இருக்கான்னு பாருங்க."

"எங்க?"

"அந்தப் பிள்ளை பக்கத்துல."

அடுத்த ஓவிய வகுப்பில் மாசிலாமணி கரும்பலகைப் பக்கம் போகவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து, பேச்சியின் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"பேச்சி, அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் உங்கிட்ட என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கல."

அவர் கிரேயான் ஒன்றை எடுத்தார்.

"நான் என்ன வரையட்டும்?"

பேச்சி தன் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆடு."

வட்டமும் நீள்வட்டமும் போட அவருக்குக் கை வரவில்லை. வேப்பமரத்தடியில் படுத்திருந்ததை நினைத்துக்கொண்டு வரைந்தார். கழுத்து கோணிக்கொண்டது. ஒரு காது பெரிதாகிவிட்டது. கால்களை எங்கே மடக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் முகம் சுட்டது.

பேச்சி தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தாள். அவர் தாளை இழுத்துக்கொண்டாள்.

தூக்கிக் காட்டப்போகிறாள் என்று நினைத்தார். காட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார்," என்றாள் மெதுவாக, "இது எங்க பாக்குது?"