நூறடிச் சட்டமும் ஒரு பெட்டி அதிரசமும்

முன்னொரு காலத்தில் ஆம்பல்நாடு என்னும் சீமையை மணிமுடிமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் மண்டையில் என்ன உதிக்கிறதோ, மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் அவர் உப்பரிகையில் நின்றபோது, எங்கோ பிள்ளைகள் ஒரே குரலில் செய்யுள் ஒப்பிப்பது கேட்டது. "ஆகா, கல்வி என்றால் இதல்லவா கல்வி!" என்று உருகிப்போனார்.

பக்கத்தில் பிரதானி பூபதி நின்றிருந்தார். பள்ளிக்கூடங்கள் மந்திரி அம்பலவாணரின் பொறுப்பில் இருந்தது அவருக்கு வெகுநாளாகக் கண்ணை உறுத்தியது. இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா?

"பள்ளிக்கூடங்களை என்னிடம் கொடுங்கள், மகாராஜா. வாத்தியார் நூறடி தள்ளி நிற்கட்டும். அங்கே கேட்கும்படி ஒப்பிக்கிற பிள்ளைதான் படித்த பிள்ளை. கேட்காவிட்டால் பேரை ஏட்டிலிருந்து அடித்துவிடலாம்!"

மத்தியானமே சட்டம் வந்துவிட்டது.

ஒரு வருஷம் ஓடியது. அந்த வருஷக் கடைசியில் வந்த விஷக்காய்ச்சல், வெண்ணி என்ற எட்டு வயதுச் சிறுமியின் குரலைக் கொண்டுபோய்விட்டது. ஒரு முணுமுணுப்புதான் மிச்சம். சட்டத்துக்கு முன்பெல்லாம் பொன்னையா வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பார். அவளுக்கு எழுத்தெல்லாம் அப்படி வந்ததுதான். இப்போதோ அவர் நூறடிக்கு அப்பால் வேப்பமரத்தடியில் நின்றார். வெண்ணி வாயைத் திறந்தாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அம்பலவாணரிடம் போனார்.

"பேரை அடிக்கும் முன் அந்தப் பெண்ணை ஒருமுறை சபையில் பார்த்துவிடுங்கள், மகாராஜா" என்று மந்திரி கேட்டுக்கொண்டார்.

ராஜாவும் சம்மதித்தார். சபை கூடிய அன்று பூபதி சும்மா வருவாரா? தொண்டை வலுத்த முப்பது பிள்ளைகளோடு வந்தார். அவர் கையசைத்ததும் அவர்கள் முழங்கிய முழக்கத்தில் மாடத்துப் புறாக்களெல்லாம் பறந்தோடின. ராஜா கைதட்டினார்.

அம்பலவாணர் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார். "பிரமாதம், கண்ணுகளா! இதையும் கொஞ்சம் படியுங்கள்."

பிள்ளைகள் ஓலையைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, பாவம், அதே செய்யுளை இன்னும் உரக்க முழங்கினார்கள்.

"கேட்டீர்களா மந்திரியாரே!" பூபதி மீசையை முறுக்கினார்.

ஓலை வெண்ணியிடம் வந்தது. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள், நாளையிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. குனிந்து பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு விறுவிறுவென்று நடந்து, படியேறி, சிம்மாசனத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

"பிடியுங்கள் அவளை! ராஜாவின் ஆசனத்தைத் தொடுகிறாள்!" என்று பூபதி அலறினார்.

வெண்ணி ஒரு பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ராஜா ஓலையை வாங்கிப் படித்தார்: "சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி அதிரசம் இருக்கிறது. இதைப் படித்தவர் எடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம்."

முப்பது பேருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. "எங்களுக்கு எழுத்து தெரியாதுங்க ராஜா" என்றாள் அவர்களில் ஒருத்தி. "நாங்க போன வருஷம்தான் சேர்ந்தோம். கத்த மட்டும்தான் சொன்னாங்க. வாத்தியாரு தூரத்துல நிக்கிறாரு."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. வாத்தியாரைத் தூரத்தில் நிற்கவைத்தது அவருடைய சட்டமாயிற்றே.

அதற்குள் வெண்ணி முப்பது பேருக்கும் கொடுத்து முடித்து, பூபதிக்கும் ஓர் அதிரசத்தை நீட்டினாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாங்கிய அழகைப் பார்க்க வேண்டுமே!

"குழந்தை, உனக்கு என்ன வேண்டும்?" என்றார் ராஜா.

வெண்ணி ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். ராஜா எழுந்து படியிறங்கி வந்தார். கிரீடத்தைக் கழற்றி மந்திரி கையில் கொடுத்துவிட்டு, அவள் முன்னால் மண்டியிட்டு வாயருகே காதை வைத்தார்.

"எங்க வாத்தியாரைப் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லுங்க."

ராஜா நூறடிச் சட்டம் எழுதிய ஓலையை வரவழைத்து, தம் கையாலேயே கிழித்துப் போட்டார். பள்ளிக்கூடங்கள் மறுபடி அம்பலவாணரிடம் போயின. பூபதிக்கும் ஒரு வேலை கிடைத்தது: தினமும் அந்த முப்பது பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து எழுதவைக்க வேண்டும்.

மறுநாள் காலை ராஜா உப்பரிகையில் நின்று வெகுநேரம் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் வரவில்லை.

"பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.