துண்டுக்குள் போன கரை

வடகரையைக் கடல் தின்றுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாயே துறைமுகக்காரனே, கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா உனக்கு? கடல் தானாகத் தின்னவில்லை. பிசைந்து ஊட்டிவிட்டவன் நீ. நடந்தது என்ன என்று நின்று கேள்.

அந்தக் காலத்தில், பறவையும் மணலும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, இந்தப் பட்டணத்துக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டு நிற்கும். வடகரைக்காரர்கள் கயிற்றால் தைத்த படகில் அலை தாண்டிப் போய்ச் சரக்கை இறக்குவார்கள். மணலுக்கு அப்போது கால் உண்டு. தெற்கே புறப்பட்டுக் கரையோரமாகவே நடந்து வரும். வடகரையில் தங்கிவிட்டு இன்னும் வடக்கே போகும். போனது போக, பின்னால் வருவது வந்துகொண்டே இருக்கும். அதனால் கரை கரையாக இருந்தது.

அந்தக் கரையில் நாற்பது வீடு. கடலைப் பார்த்த முதல் வீடு தேசம்மாளுடையது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மீன்கூடை தூக்கியவள். பேரத்தில் அவளை மடக்கியவன் அந்தச் சந்தையில் பிறக்கவில்லை.

வடகரையில் ஒரு வழக்கம் இருந்தது. விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்தும் மடக்கியும்தான் பேரம். தன் விலை இவ்வளவுதானா என்று மீன் காதில் விழுந்துவிட்டால், மறுநாள் ரோஷப்பட்டு வலைக்கு வராது என்று நம்பினார்கள். பெரிய பேரம் என்றால் கடற்காகம்தான் தரகர். அந்நாளில் அதற்குச் சத்தமே கிடையாது. எதையும் காதோடு காதாகச் சொல்லும். வாயடக்கம் உள்ள பறவை என்று அதற்கு அப்படி ஒரு பேர்.

ஒருநாள் ஒரு கப்பல்காரர் வந்தார். கப்பல்கள் அலையில்லாமல் நிற்கக் கடலுக்குள் கல்சுவர் கட்ட வேண்டும், வடகரை சம்மதிக்க வேண்டும் என்றார்.

முதலில் பேசியது மணல். "கட்டிக்கட்டும். ஆனா நான் நடந்து வர சுவருல ஒரு வாய் விடணும். வழியை அடைச்சா நான் தெக்கேயே குந்திக்குவேன். அப்புறம் என்னைத் தேடாதீங்க."

"இதுக்குத் துண்டு எதுக்கு?" என்றாள் தேசம்மாள். "நாலு பேர் கேக்க நானே பேசிடறேன்."

கரைக்காரர்கள் பதறிப்போனார்கள். "உனக்கு இன்னா பைத்தியமா தேசம்மா? மீனு காதுல உழுந்தா நாளைக்கு அடுப்பு எரியுமா?"

"இது மீன் வெலையா? நாம குடியிருக்கிற எடம்யா."

யாரும் கேட்கவில்லை. அவளும் ஒரு கட்டத்தில் சரி என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தோற்றாள். கடற்காகத்தைக் கூப்பிட்டு, "வாய் விட்டாத்தான் சுவர். இல்லேன்னா எழுந்து வந்துடு நைனா" என்று மட்டும் சொன்னாள்.

மணலில் இந்தப் பக்கம் கடற்காகம், அந்தப் பக்கம் கப்பல்காரர், நடுவே துண்டு. தேசம்மாளின் கண் துண்டை விட்டு நகரவில்லை. இரண்டு பேரும் விடாமல் இழுத்தால் துண்டு ஆடிக்கொண்டே இருக்கும். ஒருத்தர் விட்டுக்கொடுத்தால் அடங்கிப்போகும். அவளுக்குத் தெரியாத துண்டா? இந்தத் துண்டு இரண்டு தரம் ஆடியது. அப்புறம் அடங்கிவிட்டது.

அவள் கடற்காகத்தின் கிட்டே போனாள். "வாய் உண்டா நைனா?"

கடற்காகம் கடலைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது யக்கா" என்றது.

துண்டுக்குள் நடந்ததைத் துருவிக் கேட்பது மரியாதை இல்லை. கேட்காமல் விட்டாள்.

கல் மேல் கல்லாகச் சுவர் வளர்ந்தது. ஒரு நண்டு நுழையக்கூட வாய் இல்லை. சொன்னபடியே மணல் தெற்கில் உட்கார்ந்தது. அங்கே கரை மைதானமாக விரிந்தது. பட்டணத்துக்காரர்கள் சாயங்காலம் வந்து காற்று வாங்கினார்கள். வடகரையில் மணல் போனது, வரவில்லை. படகு இழுத்துப் போடும் இடம் முதலில் போயிற்று. அடுத்தது தேசம்மாளின் வீடு. பட்டப்பகலில் அலை உள்ளே வந்து, அடுப்பின் மேலிருந்த சோற்றுப் பானையை அவள் கண் எதிரே தூக்கிக்கொண்டு போனது.

ஈரச் சேலையோடு போய்க் கப்பல்காரர் முன்னால் நின்றாள். "வாய் எங்க தொரை?"

"அது வேண்டாம்னு உங்க தரகர்தான் விரலை மடக்கினார். துண்டுக்குள்ள பேசினதுக்கு சாட்சி யாரும்மா இருக்கா?" என்று அவர் சிரித்தார்.

கடற்காகம் சுவர் உச்சியில் இருந்தது. தேசம்மாள் கல்லைப் பிடித்து ஏறி அதன் எதிரே உட்கார்ந்தாள். "இன்னா குடுத்தான் உனக்கு?"

அது முணுமுணுத்தது. "குந்த ஒரு எடம் யக்கா. அலை மேலயே பறந்து பறந்து றெக்கை நோவுது. சுவருல வாய் விட்டா அது சரியா இங்கதான் வரும், நான் குந்த இந்தக் கல்லு இருக்காதுன்னாரு."

"நாப்பது வீடு குந்தியிருந்த எடத்தைக் குடுத்துட்டு, நீ குந்த ஒரு கல்லு வாங்கிக்கினே."

கடற்காகம் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அவள் குரல் உயரவில்லை. "இந்தக் கல்லுலயே கெட. ஆனா இனிமே உனக்குக் காதோட பேச்சு கிடையாது. எது வந்தாலும் தொண்டை கிழியக் கத்து. கேக்கிறவன் ஒருத்தனுக்கும் அது புரியவும் வேணாம்."

இறங்கி வந்தவள் சந்தையில் கிடந்த துண்டையெல்லாம் அலையில் வீசிவிட்டு, தன் கூடை மீனின் விலையை வாய்விட்டுக் கூவினாள். பார்த்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூவினார்கள். மீன் அதையும் கேட்டது. கோபித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

அன்று முதல்தான் கடற்காகம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து அப்படிக் கத்துகிறது. அன்று முதல்தான் வடகரையில் மீனைக் கூவிக் கூவி ஏலம் விடுகிறார்கள், வலைக்காரர்கள் கரை மறையும் தூரம் போகிறார்கள், வருஷத்துக்கு ஒரு தெரு கடலுக்குள் இறங்குகிறது. பறவை தன் தப்புக்கு அனுபவிக்கிறது. நம்பின பாவத்துக்கு வடகரை அனுபவிக்கிறது. அந்தக் கப்பல்காரர் வழியில் வந்த நீ மட்டும் லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டி, உதவி செய்கிறேன் என்கிறாய். கேட்டது கல் இல்லை, மணல். போதும், எத்தனை தலைமுறைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாய்? வெளிச்சத்தில் வா, எல்லாரும் பார்க்க வா. வந்து அந்தச் சுவரில் மணல் நடக்க ஒரு வாய் திற.