பதினொரு முறை ஓடிய அழுங்கு

காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. கோடையில் அது வற்றிவிடும். வற்றிய தரை பாறைபோல் இறுகிக் கிடக்கும். கருங்காட்டுப் பல்கலைக்கழகத்து விலங்குகள் அங்கேதான் ஹாக்கி ஆடின.

வளைந்த வேலமரக் கிளைதான் மட்டை. ஓடு இறுகக் காய்ந்த விளாங்காய்தான் பந்து. மரத்தில் பட்டால் பட்டை பெயர்ந்துவிடும். அவ்வளவு கனம்.

அணியின் கேப்டன் பூபாலன் என்ற கடமான். கொம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. கோல்காப்பாளர் மாசாணம் என்ற கரடி. குரங்கு சிங்காரமும் முயல் தாயம்மையும் அணியில் உண்டு. இவர்களோடு இன்னும் ஆறு பேர். பதினொன்றாவது ஆள், செல்லாண்டி என்ற அழுங்கு, அதாவது எறும்புதின்னி.

அழுங்கின் உடம்பெல்லாம் செதில். பயந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும். கூச்ச சுபாவம். ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாலு தடவை எச்சில் விழுங்கும். ஆனால் எதையும் எண்ணாமல் விடாது. ஒரு புற்றில் எத்தனை வாசல், ஓர் ஆட்டத்தில் எத்தனை அடி, எல்லாம் அதன் மனதில் இருக்கும்.

ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. காக்கும் அணியில் ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். எதிரணி பந்தை உள்ளே தள்ளும். தள்ளியதும் அந்த ஐவரில் ஒருவர், அடிக்கப்போகிறவருக்கு நேர் எதிரே பாய்ந்து ஓட வேண்டும். அதற்கு முதல் ஓட்டம் என்று பெயர். அடித்த பந்து கோலுக்குப் போகும். இல்லையென்றால் ஓடிவந்தவர் உடம்பில் விழும்.

கருங்காட்டு அணியில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கார்னருக்கு விசில் ஊதியதும் கரடியைத் தவிரப் பத்துப் பேரும் நடுக்கோட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடுவார்கள். கடைசியாக வரும் நான்கு பேர் திரும்பிப் போய்க் கரடியோடு நிற்க வேண்டும். அழுங்குக்குக் குட்டைக் கால். அது எப்போதும் கடைசி. "செல்லாண்டி, முதல் ஓட்டம் உன்னுதுடா!" என்று மற்ற மூவரும் அதை முன்னால் தள்ளிவிடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு ஆட்டம். காலையில் மலையடிவாரத்து அணியோடு, ஐந்து கார்னர். மதியம் பனங்காட்டு அணியோடு, ஆறு கார்னர். பதினொன்றுக்கும் அழுங்குதான் ஓடியது. ஏழு முறை விளாங்காய் அதன் மேல் விழுந்தது. மூன்று செதில் விரிசல் விட்டன. ஒன்று வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பதினொன்றில் ஒன்றுகூடக் கோலாகவில்லை.

காலையில் இரண்டுக்கு ஒன்று, மதியம் ஒன்றுக்குப் பூஜ்யம். இரண்டு ஆட்டத்திலும் கருங்காட்டுக்கே வெற்றி. மூன்று கோலையும் கடமான் போட்டது. அதன் கொம்பில் கொன்றைப்பூ மாலை விழுந்தது.

வெயில் தாழ்வதற்குள் எல்லாரும் இலுப்பை மரத்தடியில் கூடினார்கள். மரப்பட்டையில் கேப்டன் கொம்பால் கீறிய முறைப் பட்டியல் இருந்தது. யார் தண்ணீர் கொண்டுவருவது, யார் தரை பெருக்குவது, யார் சாம்பலால் கோடு போடுவது, யார் புதருக்குள் போன பந்தை எடுப்பது என்று எல்லா வேலையும் அதில் இருந்தது. எல்லாருக்கும் சம பங்கு என்று அந்தப் பட்டியலைப் பற்றி அணிக்கே பெருமை!

அழுங்கு எழுந்தது. எச்சில் விழுங்கியது.

"கேப்டன், ஒரு விஷயம்."

"சீக்கிரம் சொல்லுடா! மாலை வாடுறதுக்குள்ள நான் ஊரை ஒரு சுத்து வரணும்!"

"முதல் ஓட்டத்தையும் பட்டியல்ல சேர்க்கணும். ஆளுக்கு ஒரு தடவை. மாசாணத்தை விட்டா பத்துப் பேர் இருக்கோம்."

"எதுக்கு இப்ப?"

"எனக்கு வலிக்குது."

இலுப்பை மரமே உதிர்ந்துவிடும்போலச் சிரிப்பு!

"வலிக்குதாம்!" என்றது குரங்கு சிங்காரம். "ஏன்டா, உனக்கு உடம்பு பூரா ஓடு. எங்களுக்கு என்ன இருக்கு? வெறும் மயிரு! அந்த விளாங்காயைக் கூப்பிட்டுக் கேளு, அதுக்குத்தான் வலிச்சிருக்கும்!"

அழுங்கு அக்குளுக்குள் பத்திரமாக வைத்திருந்த செதிலை எடுத்துக் காட்டியது. அதன் அடியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"இது இன்னிக்கு மதியம் விழுந்தது."

"ஒண்ணு போனா என்னப்பா? உன்மேலதான் கொள்ளை கொள்ளையா இருக்கே!" என்றது கடமான்.

"நூத்தி எழுபத்திரண்டு இருந்தது. இப்ப நூத்தி எழுபத்தி ஒண்ணு."

குரங்கு தாவி வந்து அந்தச் செதிலைப் பிடுங்கியது. அதை வைத்து முதுகைச் சொறிந்தது. "அடடா! என்ன சுகம்! இன்னும் ரெண்டு விழுந்தா கேப்டனுக்கும் ஒண்ணு குடுடா!"

மறுபடியும் சிரிப்பு. அழுங்கின் மூக்கு நுனி சூடேறியது. வேறொரு நாளாக இருந்தால் சுருண்டுகொண்டிருக்கும். அன்று சுருளவில்லை. முன்னங்கால் நகங்கள் நான்கு விரற்கடை ஆழத்துக்கு மண்ணில் இறங்கின.

"சரி, ஓட்டு எடுத்துருவோம்," என்றது கடமான் கொட்டாவி விட்டபடி. "பட்டியல்ல சேர்க்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க!"

அழுங்கு தூக்கியது. முயல் தாயம்மை பாதி தூக்கியது. கேப்டன் அந்தப் பக்கம் பார்த்தது. முயல் காதைச் சொறிவதுபோல் கையை இறக்கிவிட்டது.

"ஒண்ணு! முடிஞ்சது!"

"அப்படின்னா நாளைக்கு நான் ஓட மாட்டேன்," என்றது அழுங்கு.

"ஓடாம? நாளைக்கு ஃபைனல்டா!"

"தெரியும்."

அழுங்கு திரும்பிப் பார்க்காமல் போயிற்று. அதன் வால் தரையில் அடித்து அடித்துப் புழுதி கிளம்பியது.

"விடுங்க கேப்டன்," என்றது குரங்கு. "ஒரு புத்து எறும்பு தின்னா சரியாயிடுவான்."

ஞாயிறு காலை. எதிரணி ஆற்றங்கரைப் பல்கலைக்கழகம். அவர்களிடம் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அது அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். அம்பயர் ஓர் ஆட்காட்டிக் குருவி. நீளக் காலால் ஓடி ஓடிக் கத்தி எல்லாத் தவறையும் சொல்லிவிடும். அதற்கு முகம் பார்த்துப் பேசத் தெரியாது.

அழுங்கு தன் இடத்தில் நின்று ஆடியது. ஆறு பந்தைத் தடுத்தது. கடமான் இரண்டு கோல் போட்டது. ஆற்றங்கரை ஒன்று போட்டது. இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது.

அப்போது விசில். "பெனால்டி கார்னர்! பெனால்டி கார்னர்!" என்று ஆட்காட்டி கத்தியது.

வழக்கம்போல் ஒன்பது பேர் நடுக்கோட்டுக்குப் பறந்தார்கள். அழுங்கும் தன் குட்டைக் காலால் மெதுவாக நடந்து வந்தது. கோட்டைத் தாண்டியது. திரும்பிப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தது.

"டேய்! நீதான் கடைசி! போடா உள்ள!" என்று கடமான் அலறியது.

"கடைசி ஆள் போகணும்னு எந்த விதியில இருக்கு? அஞ்சு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னுதான் விதி. ஒருத்தரும் நிக்காட்டித் தப்பில்ல. அம்பயரைக் கேளு!"

"தப்பில்ல! தப்பில்ல!" என்றது ஆட்காட்டி.

"சிங்காரம், நீ போ!"

"எனக்குக் காலையிலேர்ந்து இடுப்புப் பிடிப்பு கேப்டன்!" நேற்று மரத்துக்கு மரம் தாவிய இடுப்பு அது.

கடமான் கொம்பை ஆட்டி விரட்டியதில் மூன்று பேர் கரடியோடு போய் நின்றார்கள். பந்து உள்ளே வந்தது. மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் ஓடவில்லை. காட்டுப்பன்றி சாவகாசமாகக் குறி பார்த்து அடித்தது. கோல்! இரண்டுக்கு இரண்டு.

"துரோகி!" என்று கடமான் அழுங்கின் முகத்துக்கு நேரே கத்தியது. "உன்னாலதான்!"

"பத்துப் பேருக்குக் கால் இருக்கு. என்னால மட்டும்னா எப்படி?" என்றது அழுங்கு.

இன்னும் மூன்று நிமிடம். மறுபடியும் கார்னர். கடமான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கேப்டனே போய் நின்றது. பந்து வந்தது. கடமான் ஓடியது. பன்றி அடித்தது.

விளாங்காய் கடமானின் முழங்காலில் விழுந்தது.

ஏரியின் அக்கரை வரை கேட்டது அந்த அலறல்! "ஐயோ! அம்மா! கால் போச்சே! வலிக்குதே!" கடமான் தரையில் உருண்டது. நேற்றுப் போட்ட மாலையிலிருந்து மிச்சக் கொன்றைப்பூவும் உதிர்ந்தது.

"காலில் பட்டது! மறுபடி கார்னர்!" என்றது ஆட்காட்டி.

நான்கு பேர் கேப்டனைத் தூக்கி ஓரமாகக் கிடத்தினார்கள். அழுங்கு நடுக்கோட்டிலிருந்தே சொன்னது:

"அது ஒண்ணு. நேத்து எனக்கு ஏழு."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அழுங்கையே பார்த்தார்கள். அழுங்கு அசையவில்லை.

அப்போது முயல் தாயம்மை முன்னால் வந்தது. அதன் காது இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"நான் போறேன். நேத்துப் பாதிக் கை தூக்கினேன். அது எனக்கே பிடிக்கல."

முயல் போய்க் கோட்டில் நின்றது. கரடியின் பாதி உயரம்கூட இல்லை. அழுங்கு அதை ஒரு நிமிடம் பார்த்தது. பிறகு எழுந்து நடந்துபோய் அதன் பக்கத்தில் நின்றது.

"ஓட்டம் உன்னுது தாயம்மை. அதை நான் வாங்கிக்க மாட்டேன். கோலுக்கு இடப்பக்கம் நான் பார்த்துக்கறேன். வலப்பக்கம் மாசாணம் பார்ப்பான். கண்ணை மூடாம ஓடு!"

பந்து வந்தது. முயல் ஓடியது. கண்ணைத் திறந்துகொண்டே பாதித் தூரம் ஓடியது. பன்றி மட்டையை ஓங்கியது. கடைசி அடியில் முயல் அரைச் சாண் விலகிவிட்டது. பந்து அதன் காதை உரசிக்கொண்டு வலப்பக்க மூலைக்குள் போயிற்று. கரடி பாய்ந்தும் எட்டவில்லை.

மூன்றுக்கு இரண்டு. விசில். கோப்பை ஆற்றங்கரைக்குப் போயிற்று.

கடமான் நொண்டிக்கொண்டே முயலிடம் வந்தது. "ஏன்டீ விலகினே? கொஞ்சம் நின்னிருந்தா உன்மேல பட்டுப் போயிருக்குமே! தோத்திருக்க மாட்டோமே!"

அவ்வளவுதான். அழுங்கு கடமானுக்கும் முயலுக்கும் நடுவில் வந்து பின்னங்காலில் எழுந்து நின்றது. அது அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

"வாயை மூடு பூபாலா! இங்க தானா முன்வந்த ஒரே ஆள் அவதான்! ஒரு அடிக்கு நீ தரையில உருண்டே. அதைப் பார்த்துட்டும் அவ வந்தா! நேத்துப் பதினொரு தடவை நான் விலகாம ஓடினேன். ஒரு தடவையாவது, வலிக்குதாடான்னு யாராவது கேட்டீங்களா? மாலை போட்டுக்கிட்டது யாரு? என் செதிலைப் பிடுங்கி முதுகு சொறிஞ்சது யாரு? இன்னொரு வார்த்தை அவளைச் சொன்னே, இந்த அணியில நான் இல்ல!"

கடமான் வாயைத் திறந்தது. முழங்கால் விண்ணென்று தெறித்தது. வாயை மூடிக்கொண்டது.

எல்லாரும் இலுப்பை மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் கடமான் எழுந்து நொண்டி நொண்டி மரத்திடம் போனது. கொம்பால் பட்டையில் 'முதல் ஓட்டம்' என்று கீறியது. அதன் கீழே முதல் பெயராகப் பூபாலன் என்று கீறியது. பிறகு மற்றவர்கள் பெயர்களையும் வரிசையாகக் கீறியது.

அழுங்கு பக்கத்தில் நின்று எண்ணியது. சிங்காரத்தின் பெயர் விட்டுப்போயிருந்தது. "ஒன்பதுதான் இருக்கு," என்றது. குரங்கு தலையைக் குனிந்தபடி, "போடுங்க கேப்டன்," என்றது. பத்தாயிற்று.

குரங்கு தன் அக்குளிலிருந்து அந்தச் செதிலை எடுத்து அழுங்கின் முன்னால் வைத்தது. அழுங்கு அதை எடுத்துக்கொண்டது. நன்றி சொல்லவில்லை. விழுந்த செதில் திரும்ப ஒட்டாது என்று அதற்குத் தெரியும். வால் மட்டும் இன்னும் தரையில் அடித்துக்கொண்டிருந்தது.

வலியைச் சொல்லாதவனுக்கு வலியே இல்லை என்று நம்புகிற கூட்டம், அவன் விலகி நிற்கும் நாளில்தான் தன் தோல் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொள்ளும்.