கீழ்முனைக்கு ஒரு வில்

கணவாய்க் காவல் தலைவன் செங்கோடன் ஒரு பெண்ணிடம் வில் செய்யப் படிக்கப் போகிறான் என்று கேட்டதும் ஊரே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அவன் ஒரு செருமல் செருமினால் போதும், காவலுக்கு நிற்கிறவனுக்குத் தூக்கம் கலைந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஆள், தலை நரைத்த பிறகு, தன் வயதில் பாதிகூட இல்லாத நாச்சியின் முற்றத்தில் போய்க் குந்தினான். வில்லை இழுக்கத் தெரியும், எய்யத் தெரியும். செய்ய மட்டும் தெரியாது.

தெரிந்தே ஆகவேண்டிய நேரம் வந்திருந்தது. அந்தக் கணவாயில் ஒரு வழக்கம் உண்டு. காவலை விட்டு ஓடியவனுடைய வில்லை, ஊர் கூடி நிற்கத் தலைவன் முழங்காலில் வைத்து ஒடிக்க வேண்டும். வில் ஒடிபட்டவன் அதன்பிறகு அந்த மலையில் கால் வைக்கக் கூடாது. ஒடித்த தலைவனும் கையைத் தட்டிவிட்டுப் போய்விட முடியாது. ஓடியவன் இடத்துக்கு வரப்போகிற ஆளுக்குத் தன் கையாலேயே ஒரு வில் செய்து தரவேண்டும். புது வில் வந்து சேர்ந்தால்தான் பழைய வில்லில் கை வைக்கலாம். யார் ஏற்படுத்தியதோ, யோசித்துத்தான் ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

ஓடியவன் கோவன். செங்கோடனின் செத்துப்போன அக்காள் மகன். தாயில்லாப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவன் செங்கோடன். மாட்டைக் கவர்ந்து போகிற கொள்ளைக் கூட்டம் வந்த அன்று கோவன் கணவாயின் கீழ்முனைக் காவலை விட்டு ஓடிவிட்டான். ஊர் மாடெல்லாம் அந்த வழியாகவே போயின. செங்கோடனுக்குப் பிள்ளை மேல் கோபம் ஒரு பக்கம், பிள்ளையைப் பிரியப்போகிற வேதனை ஒரு பக்கம்.

நாச்சி ஆள் உயரத்துக்கு ஒரு தடசு மரத் துண்டை எடுத்து அவன் முன்னால் போட்டாள். பிளந்து, நிழலில் காயவைத்த மரம்.

"பட்டை இருந்த பக்கம் முதுகுங்ணா. அதுல கத்தி படக்கூடாது. வயித்துப் பக்கம் மட்டும்தான் செதுக்கணும்."

"ஏன் அம்மணி?"

"இழுக்கறப்ப முதுகுதான் இழுவை தாங்கும். அங்க ஒரு நார் அறுந்தாலும் போச்சு."

"மூங்கில் ஆகாதுங்களா? நாணுக்கு மருள் நார்தான் வேணுமா? நடுவுல மட்டும் ஏன் தடிமனா விடறோம்?"

"தலைவருக்கு வாய் ஓயாது போலிருக்கே. செதுக்குங்க."

செதுக்கினான். கணவாயில் ஆளை விரட்டுகிறவன் இங்கே சீவல் தலையெல்லாம் ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்ததை நாச்சியின் கோழிகள்கூட வேடிக்கை பார்த்தன. உரமான வில்லாக வேண்டும் என்று ஆசை அவனுக்கு. அதனால் எங்கும் தடிமனாகவே விட்டுக்கொண்டு வந்தான். ஒரே ஓர் இடத்தில், வில்லின் மேல்நுனிக்கு ஒரு சாண் கீழே, கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டான்.

நாச்சியின் சுவரில் ஒரு முளை உண்டு. வில்லை அதில் பொருத்தி, நாணில் கயிற்றைக் கட்டிக் கீழே இழுத்தால், வில் வளைகிற விதம் தெரியும். செங்கோடன் கயிற்றை இழுத்தான். பட்டென்று ஒரு சத்தம். வில் இரண்டாகக் கிடந்தது.

"அந்த இடம் சொத்தை மரம்," என்றான்.

நாச்சி இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "மரம் நல்லாத்தானுங்களே இருக்குது."

"அப்ப கத்தி கொஞ்சம் ஆழமாப் போயிருக்கும்."

"ஆமாங்க. கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்துக்கா உடையும்?"

நாச்சி துண்டுகளைத் தள்ளி வைத்தாள். இன்னொரு மரத் துண்டை எடுத்துப் போட்டாள்.

இரண்டாவது வில்லை அவன் கண்ணும் கருத்துமாகத்தான் செய்தான். ஆனாலும் பழகாத கை. வேறோர் இடத்தில் அதே மாதிரி ஆழமாகிவிட்டது. இந்தத் தடவை நாச்சி அவனை அவசரப்பட விடவில்லை. சாயங்கால வெயில் சுவரில் விழுகிற நேரம் பார்த்து வில்லை முளையில் ஏற்றினாள்.

"கொஞ்சமா இழுங்க. வில்லைப் பாக்காதீங்க, சுவத்துல நிழலைப் பாருங்க. எங்க வளையுது?"

நிழல் முழுக்க உலக்கை மாதிரி விறைத்து நின்றது. அந்த ஓர் இடம் மட்டும் முழங்கால் மாதிரி மடங்கியது.

"அங்க மட்டும்தான்," என்றான் செங்கோடன். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "மத்ததெல்லாம் எவ்வளவு உறுதியா நிக்குது பாருங்க. இது ஒண்ணு காலை வாருது. என் வீட்டுலயும் இதே கதைதான்."

நாச்சி வில்லை முளையிலிருந்து இறக்கினாள்.

"அந்த இடத்துல மாட்டு நரம்பை வெச்சு இறுக்கிக் கட்டிரட்டுங்களா?"

"கட்டினா அதுக்குப் பக்கத்துல உடையும்."

"அப்ப அடுப்புலதான் போடணும்."

"போடறதுன்னா நீங்க போடுங்க. நான் போட மாட்டேன்." அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, மடங்குகிற இடத்தில் கறுப்பாகத் தடவினாள். "கரி இருக்கிற இடத்துல இனிமே கத்தி வைக்காதீங்க."

"பின்ன எங்க வைக்கறது?"

"மத்த இடம் பூராவும்."

"நல்லா இருக்கற இடத்தை எதுக்கு அம்மணி சீவணும்?"

"சீவித்தான் பாருங்களேன்."

மனமே இல்லாமல் சீவினான். உறுதியான மரத்தைக் குறைக்கக் குறைக்கத் தன் உடம்பிலிருந்தே சதையை எடுக்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் சீவுவான், முளையில் ஏற்றி இழுப்பான், நிழலைப் பார்ப்பான், மறுபடி இறக்கிச் சீவுவான். போகப் போக அவனுக்கே அதில் ஓர் ஆவல் பிறந்துவிட்டது. விறைத்து நின்ற இடங்கள் ஒவ்வொன்றாக அசைந்து கொடுத்தன. முழங்கால் மாதிரி மடங்கிய இடம் மெல்ல நிமிர்ந்தது. கடைசியில் கயிற்றை முழுசாக இழுத்தபோது, சுவரில் கூடை விளிம்பு மாதிரி சீரான ஒரு வளைவு. எந்த இடம் பலவீனம் என்று நிழலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

செங்கோடன் குழந்தை மாதிரி சிரித்தான். விட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தான். பிறகு வில்லை இறக்கிக் கரி தடவிய இடத்தைத் தொட்டான்.

"இது எப்படி அம்மணி பலமாச்சு?"

"பலமாகலீங்களே. அதே மரம், அதே தடிமன்."

"பின்ன ஏன் உடையல?"

"முன்னாடி அது மட்டும்தான வளைஞ்சுது."

அவன் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா நான் நினைச்ச அளவு உரம் இல்லை. கொஞ்சம் மெலிஞ்சு போச்சு."

"மெலிஞ்சுதான் போச்சு. அம்பு போகுதான்னு பாருங்க."

ஓர் அம்பை வைத்து எய்தான். தோட்டத்துக் கடைசியில் இருந்த வைக்கோல் போரில் பாதி அம்பு உள்ளே போயிருந்தது. நல்ல வில்தான். கீழ்முனைக்குத் தாராளமாகப் போதும். இனி ஊருக்குப் போகலாம், கோவனின் வில்லை ஒடிக்கலாம். அதை நினைத்ததும் செங்கோடனின் முகம் சுண்டிப்போயிற்று.

நாச்சி முற்றத்துச் சீவலைக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு என்னதாங்ணா நடந்துச்சு?"

"மாடு பிடிக்கறவங்க கணவாய் மேல்வாசலுக்குத்தான் வருவாங்கன்னு கணக்குப் போட்டேன். நல்ல ஆளுங்க அத்தனை பேரையும் அங்க நிறுத்தினேன். என்ன ஆனாலும் இடத்தை விட்டு அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். ஒருத்தன் அசையல அம்மணி. நானும் அங்கதான் நின்னேன்." சொல்லும்போதே அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

"அவங்க கீழ்முனைக்கு வந்துட்டாங்க," என்றாள் நாச்சி.

"ஆமா."

"அங்க யாரு?"

"கோவன்."

"கூட?"

"அவன் மட்டும்தான்."

"கூப்பிட்டானா?"

"கொம்பு ஊதினான்."

"மேல்வாசலுக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு. விட்டு விட்டு ஊதிட்டே இருந்தான்."

"நீங்க போகலீங்களா?"

"அசையக் கூடாதுன்னு நானேதான..."

அன்று காதில் விழுந்து, காது கொடுக்காமல் விட்ட கொம்புச் சத்தம் இப்போது வந்து அடித்தது. தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. மாமன் வருவான் என்று நம்பித்தானே மூச்சுப் பிடித்து ஊதியிருப்பான்? ஊதி ஊதிப் பார்த்து, யாரும் வராமல்தானே ஓடினான்? செங்கோடன் வில்லை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். நாச்சி அவனைத் தேற்றப் போகவில்லை. தன் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"புது வில் முடிஞ்சாச்சு அம்மணி. ஊர் கூடி நிக்கும். போய் அவன் வில்லை ஒடிக்கறதா, வேண்டாமா?"

"ஒடிக்கறது எனக்குத் தெரியாத வேலைங்ணா," என்றாள் நாச்சி. "செதுக்கறதுன்னா சொல்றேன். விறைச்சு நிக்கற மேல்வாசல்ல இருந்து ஆரம்பிங்க."